ஃபீஸ்தான் இல்லையே, அப்புறம் எதற்கு கிராண்ட்?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். என் கணவரின் அக்கா ஸ்பான்சர் செய்து, கிரீன் கார்டில் வந்து 3 வருடம் ஆகிறது. மகள் இந்த ஜூனில் ஹைஸ்கூல் முடித்துவிட்டு ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறாள். நர்சிங் படிக்க ஆசை. மகன் 8ஆம் வகுப்பு. கணவர் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தார். 2025 மார்ச்சில் அந்த வேலை போய்விட்டது. இப்போது ஆப் வழியாக வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். நான் ஒரு டேகேரில் பகுதி நேரம் வேலை பார்க்கிறேன். 2024இல் எங்கள் வருமானம் 71,000 டாலர், இப்போது அதில் பாதிதான். கல்லூரியில் ஃபீஸ் இலவசம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அதனால் ஃபாஃப்ஸா என்ற நிதியுதவிப் படிவம் தேவையில்லை என்று பள்ளியில் கொடுத்த விலகல் படிவத்தில் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். “அரசாங்கக் காசு வாங்கினால் சிட்டிசன்ஷிப்புக்கு வில்லங்கம், அக்கா தலையில் வந்து விழும், கடைசியில் அது கடனாகத்தான் இருக்கும். நாம் கொடுத்துப் பழகியவர்கள், கை நீட்டக் கூடாது” என்கிறார். மகளோ செமஸ்டருக்கு 6 யூனிட் பாடம் மட்டும் எடுத்துக்கொண்டு வாரம் 30 மணி நேரம் கடையில் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். ஊரில் கணவர் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மாநில உதவிக்கு விண்ணப்பிக்கும் மார்ச் 2ஆம் தேதிக் கெடுவும் தாண்டிவிட்டது. எங்களுக்கு கிராண்ட் கிடைக்குமா? தெரிந்தவர் ஒருவர் 400 டாலர் கொடுத்தால் படிவத்தை நிரப்பித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்கு கிராண்ட், அதாவது திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவித்தொகை, கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த 400 டாலரை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஃபாஃப்ஸா இலவசப் படிவம். அரசின் ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் நீங்களே போடலாம், தடுமாறினால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் காசு வாங்காமல் உடன் உட்கார்ந்து போட்டுத் தருவார்கள். நான் பார்க்கும் வேலையே அதுதான்.

பள்ளியில் போட்ட கையெழுத்தை நினைத்தும் கலங்க வேண்டாம். இந்த மாநிலத்தில் 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் நிதியுதவிப் படிவம் போட வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பள்ளி அந்தக் கணக்குக்காக வாங்கிய கையெழுத்து அது. மனம் மாறி இன்று இரவே படிவம் போட்டாலும் செல்லும்.

முதலில் அந்த “ஃபீஸ் இலவசம்” விஷயத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் எல்லா முடிவும் அதன்மேல்தான் நிற்கிறது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2012இலிருந்து இதே கட்டணம்தான். ஒரு செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் 690, வருடத்துக்கு 1,380 டாலர். இதைத் தள்ளுபடி செய்ய இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. இரண்டின் பெயரிலும் “பிராமிஸ்” வருவதால் பெற்றோர்கள் குழம்பிப் போகிறார்கள். ஒன்று, முதல்முறை கல்லூரிக்கு வந்து முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு முதல் 2 வருடம் ஃபீஸ் வேண்டாம் என்று கல்லூரிகள் செய்வது. வருமானம் எவ்வளவு என்பது இதில் பெரிய விஷயமில்லை. ஆனால் செமஸ்டருக்கு 12 யூனிட்டாவது எடுக்க வேண்டும், ஃபாஃப்ஸாவும் போட்டிருக்க வேண்டும். இன்னொன்று கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட். இது வருமானம் குறைந்தவர்களுக்கானது, எத்தனை யூனிட் எடுத்தாலும் உண்டு.

கூட்டத்தில் உங்களுக்குச் சொன்னது அநேகமாக முதலாவது. அப்படியென்றால் ஃபாஃப்ஸா போடாமல், 6 யூனிட் மட்டும் எடுத்தால் அந்த இலவசமே உங்கள் மகளுக்குக் கிடைக்காது. இரண்டாவதற்கு அவள் தகுதி பெற நல்ல வாய்ப்பு உண்டு. ஃபாஃப்ஸா கணக்கின்படி ஆண்டுக்கு 1,104 டாலராவது தேவை இருக்கிறது என்று தெரிந்தாலே அந்தத் தள்ளுபடி கிடைத்துவிடும். உங்கள் 2024 வருமானத்தை வைத்துப் பார்த்தாலும் அநேகமாக அந்த வரம்புக்குள் வருவீர்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது ஃபீஸுக்காக இல்லை. கம்யூனிட்டி காலேஜில் படிப்பவருக்கு ஆகும் செலவில் ஃபீஸ் ஒரு சின்னப் பங்குதான். புத்தகம், லேப்டாப், பஸ் அல்லது பெட்ரோல், ஹெல்த் ஃபீஸ், பார்க்கிங், வீட்டு வாடகையில் அவள் பங்கு, சாப்பாடு எல்லாம் இருக்கிறது. கல்லூரியே ஒவ்வொரு வருடமும் இவற்றைக் கூட்டி ஒரு செலவுப் பட்டியல் போடுகிறது. பெற்றோருடன் இருந்து படிக்கும் பிள்ளைக்கும் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் அதில் ஒரு தொகை உண்டு. தேவையைப் பார்த்துக் கொடுக்கும் கிராண்ட் இந்த மொத்தச் செலவுக்காகக் கொடுக்கப்படுவது. ஃபீஸ் தள்ளுபடியாகிவிட்டால், பெல் கிராண்ட் என்ற மத்திய அரசின் உதவித்தொகை பெரும்பாலும் அப்படியே மாணவர் கைக்கு வருகிறது. “ஃபீஸ்தான் இல்லையே” என்று படிவம் போடாத குடும்பங்கள் விடுவது இந்தப் பணத்தைத்தான்.

எவ்வளவு என்கிறீர்களா? பெல் கிராண்ட்டின் அதிகபட்சம் 2023–24 முதல் வருடத்துக்கு 7,395 டாலர். கலிஃபோர்னியாவில் 2026இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.90 டாலர். 7,395 டாலரை அந்தக் கூலியில் சம்பாதிக்க ஏறத்தாழ 437 மணி நேரம் நின்று வேலை பார்க்க வேண்டும். கல்லூரி நடக்கும் 36 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 12 மணி நேரம். ஆக முழு பெல் கிடைத்தால், கையில் வரும் காசு குறையாமலே உங்கள் மகள் 30 மணி நேர வேலையை 18 மணி நேரமாக்கலாம். மிச்சமாகும் அந்த 12 மணி நேரம் அனாட்டமி பாடத்துக்குப் போகட்டும்.

நர்சிங் என்றீர்கள். அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நர்சிங்கில் நுழைய அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் லேப்புடன் முடிக்க வேண்டும், மதிப்பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும். இரவு கடையைச் சாத்திவிட்டு வந்து காலை லேபுக்கு ஓடும் பிள்ளைகளைத் தினம் பார்க்கிறேன். அவர்களுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, தூங்கத்தான் நேரம் இல்லை. முதல் செமஸ்டரில் ஒரு லேப் பாடத்தில் சி வாங்கிவிட்டு அதைச் சரிக்கட்ட வருடக்கணக்காக அலைகிறார்கள்.

அதோடு, 6 யூனிட் என்பது மகளுக்கு இன்னொரு வகையிலும் நஷ்டம். 2024–25இலிருந்து பெல் தொகை எத்தனை யூனிட் எடுக்கிறோமோ அந்த விகிதத்தில் வருகிறது. 12 யூனிட்டுக்கு முழுத் தொகை, 9 யூனிட்டுக்கு 75 சதவீதம், 7க்கு 58, 6க்கு 50. முழுத் தகுதி இருந்தும் 6 யூனிட் எடுத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 3,700 டாலர் கிடைக்காது. 60 யூனிட் டிகிரியை 6, 6 ஆக முடிக்க 10 செமஸ்டர், அதாவது 5 வருடம். “வேலை பார்ப்பதால் 6 யூனிட்தான் முடியும்” என்று அவள் சொன்னால், “12 யூனிட் எடுத்தால் எத்தனை மணி நேரம் வேலை போதும்” என்று திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவரின் பயங்களுக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் தப்பில்லை. புது நாட்டில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் பத்துத் தடவை யோசிப்பார். ஆனால் மூன்று பயத்துக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

சிட்டிசன்ஷிப்: குடியுரிமை விண்ணப்பத்தில், அரசுக்குச் சுமையாக இருந்தீர்களா என்று தகுதி பார்க்கும் சோதனையே கிடையாது. கிரீன் கார்டு உள்ள மாணவர் பெல் கிராண்ட்டுக்குத் தகுதியானவர் என்று சட்டமே சொல்கிறது. வேறு சில உதவிகளுக்கு உள்ளதுபோல் 5 வருடம் காத்திருக்கவும் வேண்டாம்.

அக்கா தலையில் விழுமா? விழாது. ஸ்பான்சர் செய்தவர் போட்டுக் கொடுக்கும் ஆதரவுப் பத்திரத்தால் சில அரசு உதவிகளின் தொகையை அவரிடம் திருப்பிக் கேட்க முடியும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பயம் நம் ஆட்களிடையே வாய்வழியாகப் பரவியிருக்கிறது. ஆனால் 1996இல் அந்த விதிகள் வந்தபோதே உயர்கல்விச் சட்டத்தின்கீழ் மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவிக்கு விலக்கு வைத்துவிட்டார்கள். உங்கள் நாத்தனாருக்கு இதனால் ஒரு காகிதமும் வராது.

கடன்: ஃபாஃப்ஸா போட்ட பிறகு கல்லூரி அனுப்பும் உதவிப் பட்டியலில் கிராண்ட், வொர்க்-ஸ்டடி, சில சமயம் கடன் எல்லாம் அடுத்தடுத்த வரியில் இருக்கும். அதனால் எல்லாம் ஒன்று என்று தோன்றும். கிராண்ட் திருப்பிக் கொடுக்க வேண்டாதது. கடன் வரிக்கு நேராக வேண்டாம் என்று குறித்தால் விஷயம் முடிந்தது. கடன் பத்திரத்தில் தனியாகக் கையெழுத்துப் போடாமல் யாருக்கும் கல்விக்கடன் ஏறாது. வொர்க்-ஸ்டடி வரியைப் பார்த்தால் விடாதீர்கள். கல்லூரி நூலகத்திலோ அலுவலகத்திலோ வகுப்பு நேரத்துக்கு ஏற்றபடி வேலை, அதில் வரும் சம்பளமும் அடுத்த வருட உதவிக் கணக்கில் சேராது. கடை வேலையைவிட எவ்வளவோ மேல்.

“கை நீட்டக் கூடாது” என்பதுதான் அவர் மனதில் உண்மையில் உறுத்துவது என்று நினைக்கிறேன். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: இந்த கிராண்ட் 1972இல் சட்டமானது. ரோட் ஐலண்ட் செனட்டர் கிளைபோர்ன் பெல் முன்னின்று கொண்டுவந்தார், 1980இல் அவர் பெயரையே வைத்தார்கள். பணம் மாணவர் பெயரில் வரும், மாணவர் எந்தக் கல்லூரிக்குப் போகிறாரோ அங்கே கூடவே போகும். யாரோ ஒருவர் மனமிரங்கிக் கொடுப்பதாக இருந்தால் அவர் தயங்கலாம். இது சம்பளத்தில் வரி பிடித்தம் செய்த அரசு, தகுதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சூத்திரத்தில் கொடுப்பது. அந்தக் கிடங்கில் வேலை பார்த்த ஒவ்வொரு மாதமும் உங்கள் கணவரும் அந்தப் பானையில் போட்டிருக்கிறார்.

சரி, உங்கள் கேள்வியில் உண்மையிலேயே சிக்கலான இடம் வருமானம். 2026–27க்கான ஃபாஃப்ஸா 2024 வரிக் கணக்கைத்தான் பார்க்கும். அது வரித்துறையிலிருந்து நேரடியாகப் படிவத்துக்கு வந்துவிடும். படிவம் உங்களை 71,000 டாலர் குடும்பமாகப் பார்த்து, எஸ்ஏஐ என்று ஒரு எண் கொடுக்கும். படிப்புச் செலவை உங்கள் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்பதற்கான மதிப்பீடு அது. பெல் அதிகபட்சத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவதுதான் பொதுவாக ஒருவருக்குக் கிடைக்கும் பெல். இந்தக் கணக்கில் உங்களுக்கு முழுத் தொகை வராது. பலர் இங்கேயே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். சிலர் இப்போதைய வருமானத்தைப் படிவத்தில் எங்கேயாவது நுழைக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டாம். படிவத்தில் 2024 கணக்கு உள்ளபடியே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு கல்லூரி நிதியுதவி அலுவலகத்துக்குப் போய் “புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்” வேண்டும் என்று அதே வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள். வேலை போனது, பெரிய மருத்துவச் செலவு, விவாகரத்து, மரணம் போன்றவற்றால் பழைய வரிக் கணக்கு இன்றைய நிலையைக் காட்டவில்லை என்றால், ஆவணங்களைப் பார்த்து அந்த எண்களை மாற்ற அதிகாரிக்குச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. எல்லாருக்கும் இல்லை என்று மொத்தமாகக் கதவைச் சாத்தும் கொள்கை எந்தக் கல்லூரியும் வைக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொருவர் விஷயத்திலும் கல்லூரியின் முடிவே இறுதி, மேலே முறையிட இடமில்லை. அதனால் கொடுப்பதை முதல் தடவையே ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும்.

என் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படி இருக்கும்: “நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம், என் மகள் நன்றாகப் படிப்பாள், தயவுசெய்து உதவுங்கள்.” படிக்கும்போது மனம் கனக்கிறது, ஆனால் அதை வைத்து நான் ஒரு எண்ணையும் மாற்ற முடியாது. இப்படி எழுதுங்கள்: “என் கணவருக்கு 2025 மார்ச்சில் இந்தத் தேதியில் வேலை போனது. 2024இல் எங்கள் மொத்த வருமானம் 71,000 டாலர். 2026இல் அவருடைய கார் வருமானம் செலவு போக மாதம் இவ்வளவு, என் சம்பளம் மாதம் இவ்வளவு, ஆக வருடத்துக்கு இவ்வளவு வரும். பழைய வேலை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு இல்லை.” அவ்வளவுதான், அரைப் பக்கம் போதும். பின்னால் பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, ஈடிடி என்ற மாநில வேலைவாய்ப்புத் துறையிடம் வேலையின்மைத் தொகை வாங்கியிருந்தால் அதன் விவரம், கார் ஆப் தரும் மாதாந்தர வருமானச் சுருக்கம், பெட்ரோல், இன்ஷூரன்ஸ் செலவு, உங்கள் சமீபத்திய சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை வையுங்கள். கார் வருமானத்தில் ஆப் காட்டும் மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிடாதீர்கள். செலவு போக நிற்பதுதான் வருமானம்.

எண் மாறினால் என்ன ஆகும்? பெற்றோர் இருவரும் உள்ள குடும்பத்தில் வருமானம் வறுமைக்கோட்டின் 175 சதவீதத்துக்குள் இருந்தால் மாணவருக்கு முழு பெல். 4 பேர் குடும்பத்துக்கு 2024இன் வறுமைக்கோடு 31,200 டாலர், அதன் 175 சதவீதம் 54,600. நீங்கள் சொல்லும் “பாதி” 36,000 பக்கம் வருகிறது. கல்லூரி அதை ஏற்றுக்கொண்டால், உங்கள் மகள் முழு பெல்லுக்கு உரியவள்.

ஊர் நிலத்தைப் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று, பலர் கேட்காமலே மறைத்துவிடுகிறார்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டைத் தவிர மற்ற நிலம், மனை, வீடு எல்லாம் எந்த நாட்டில் இருந்தாலும் சொத்தாகக் காட்ட வேண்டும். ஆனால் யார் பெயரில் என்பது முக்கியம். பட்டா மாமனார் பெயரில் இருந்து, பின்னாளில் உங்களுக்கு வரும் என்ற நிலை என்றால் அது உங்கள் சொத்து ஆகாது, காட்ட வேண்டாம். கணவர் பெயரில் என்றால் காட்ட வேண்டும். அண்ணன் தம்பி கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கை மட்டும் காட்டினால் போதும். இன்று விற்றால் என்ன விலை போகும் என்று நியாயமாக மதிப்பிட்டு, படிவம் போடும் நாளின் மாற்று விகிதத்தில் டாலராக்கி எழுதுங்கள். அந்த நிலத்தின்மேலேயே கடன் இருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

இதனால் குடி முழுகிப் போகாது. பெற்றோர் சொத்தில் 12 சதவீதத்தை எடுத்து, அதை வருமானத்தோடு சேர்த்து, அதிலும் 22 முதல் 47 சதவீதம்தான் அந்த எஸ்ஏஐ எண்ணில் ஏறும். நிலத்தின் மதிப்பு 30,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் எண் கூடுவது 800 முதல் 1,700 டாலர் வரைதான். அதுவும் முழு பெல்லுக்குத் தகுதி வந்துவிட்டால் சொத்து உங்கள் பெல் தொகையைத் தொடாது. மறைத்துவிட்டுப் பின்னால் சரிபார்ப்பில் மாட்டுவதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. கழுத்திலும் காதிலும் போடும் நகை, கார், வீட்டுச் சாமான், ஓய்வூதியக் கணக்கு எதையும் காட்ட வேண்டாம். முதலீடாக வாங்கி வைத்த தங்கக் காசு இருந்தால் அது சொத்துதான். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைக் கழிக்கப் படிவத்தில் இடமில்லை. அவர்களைக் குடும்ப எண்ணிக்கையில் சேர்க்கவும் கூடாது.

நம் ஆட்களின் படிவம் அதிகம் சிக்கிக்கொள்வது பணத்தில் அல்ல, பெயரில். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் பின்னால் வந்திருக்கும். கிரீன் கார்டில் முன்பெயர் இடத்தில் “எஃப்என்யூ”, அதாவது முன்பெயர் தெரியவில்லை என்று ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சுருக்கி எழுதியது வேறாக இருக்கும், காலேஜ் விண்ணப்பத்தில் பிள்ளை தன் இஷ்டத்துக்கு ஒன்று போட்டிருக்கும். ஃபாஃப்ஸா பெயரையும் பிறந்த தேதியையும் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால் மகள், நீங்கள், கணவர் மூவரும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்குத் தொடங்குங்கள். காலேஜ் விண்ணப்பத்தில் வேறு மாதிரி இருந்தால் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் இப்போதே திருத்தச் சொல்லுங்கள், ஆகஸ்டில் அங்கே வரிசை வாசல் வரை நிற்கும். மகளின் கிரீன் கார்டில் உள்ள 9 இலக்க ஏ-நம்பரையும் கேட்கும். அங்கே ஒப்பீடு தவறினால் கார்டின் நகலைக் கல்லூரியில் காட்டிச் சரிசெய்யலாம்.

கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் இருவரில் ஒருவர் மட்டும் படிவத்தில் சம்மதம் கொடுத்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப இதற்கு வருகிறேன்.

மார்ச் 2 தாண்டியதற்கு வருந்த வேண்டாம். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு கால் கிராண்ட் (Cal Grant) என்ற கலிஃபோர்னியா மாநில உதவித்தொகையைக் கேட்க செப்டம்பர் 2 வரை இரண்டாவது வாய்ப்பு உண்டு. அதில் கால் கிராண்ட் பி என்ற வகை கிடைத்தால் புத்தகம், போக்குவரத்துக்கு வருடத்துக்கு 1,648 டாலர் வரை வரும். இதற்கு வருமான வரம்பும் சொத்து வரம்பும் இருக்கின்றன, பள்ளி மதிப்பெண் சராசரியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பள்ளி அனுப்பிவிட்டதா என்று கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கால் கிராண்ட் வாங்கி முழுநேரம் படிப்பவர்களுக்கு மேற்கொண்டு மாநிலத் தொகை ஒன்றும் உண்டு, அது 12 யூனிட்டில் தொடங்கி 15 யூனிட்டில் நன்றாகக் கூடும். எஃப்எஸ்இஓஜி என்று இன்னொரு மத்திய கிராண்ட் 100 முதல் 4,000 டாலர் வரை. ஆனால் கல்லூரிக்கு அதில் வருவது ஒரு சின்னத் தொகைதான், முன்னால் வந்தவர்களுக்கே தீர்ந்துவிடும். படிவத்தைத் தள்ளிப் போடாதீர்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஒரு திட்டத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: ஈஓபிஎஸ். கலிஃபோர்னியா 1969இல் சட்டம் போட்டு ஆரம்பித்தது. வருமானம் குறைவாக இருந்து, படிப்பில் பின்தங்க நேரக்கூடிய சூழலிலிருந்து வருபவர்களுக்கு. வீட்டில் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிப் படி ஏறுகிறார் என்பதெல்லாம் கல்லூரிகள் பார்க்கும் காரணங்களில் சேரும். பொதுவாக 12 யூனிட் எடுக்க வேண்டும், இடங்கள் அளவானவை. புத்தகத்துக்கு வவுச்சர் கொடுப்பார்கள், மற்றவர்களுக்கு முன்னால் வகுப்புகளைப் பதிவு செய்யலாம். இதைவிடப் பெரியது, ஒரே கவுன்சிலர் செமஸ்டர் முழுக்கத் தொடர்ந்து பார்ப்பார். நர்சிங்குக்கு வேண்டிய லேப் வகுப்புகளில் இடம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், முன்பதிவு உரிமை ஒன்றுக்காகவே உங்கள் மகள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பேன்.

பணம் ஒரே தடவையில் வராது. செமஸ்டருக்கு ஒன்று அல்லது இரண்டு தவணையாக வரும், தகவல் கல்லூரி ஈமெயிலுக்குத்தான் வரும். பிள்ளைகள் அந்த ஈமெயிலைத் திறப்பதே இல்லை. ஆவணம் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதம் அங்கே மாதக்கணக்கில் கிடக்கும். வாரம் இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பணம் வரும் முன்பே புத்தகம் தேவைப்பட்டால், பெல்லில் மிச்சத் தொகை வரவிருக்கும் மாணவர் வகுப்பு தொடங்கி 7ஆம் நாளுக்குள் புத்தகம் வாங்க வழி செய்ய வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. அலுவலகத்தில் கேட்கலாம். வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளுக்கு அடையாளம் போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். வாங்கியதற்கெல்லாம் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். ஃபீஸ், புத்தகம் போக மீதி கிராண்ட் வரிக் கணக்கில் அவளுடைய வருமானமாக வரும்.

கிராண்ட் கைவிட்டுப் போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். எல்லா வகுப்பையும் விட்டுவிட்டால், செமஸ்டரில் 60 சதவீதம் முடியும் முன் விட்டதற்கு வாங்கிய மத்திய உதவியில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். 16 வார செமஸ்டரில் அது ஏறத்தாழ 10ஆவது வாரம். 5ஆவது வாரத்தில் விட்டால் மூன்றில் ஒரு பங்குகூட அவளுடையதாகி இருக்காது. ஒரே ஒரு வகுப்பை விட்டாலும் வேறு கணக்கு இருக்கிறது: எடுத்த யூனிட்டில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும், சராசரி 2.0க்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் உதவி நின்றுபோகலாம். ஒரு பாடத்தை விட நினைக்கும் அன்றே எங்கள் கவுன்ட்டருக்கு வந்து “விட்டால் என் பணம் என்ன ஆகும்” என்று கேட்கச் சொல்லுங்கள். பெல் வாழ்நாளில் மொத்தம் 12 முழுநேர செமஸ்டருக்குத்தான் உண்டு. பின்னால் யூனிவர்சிட்டிக்கு மாறிப் போய் பிஎஸ்என் என்ற நர்சிங் பட்டம் முடிக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனாலும் முதல் வருடத்தை வீணாக்க முடியாது.

கடைசியாக, இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் கணவர் மனம் ஒப்பவில்லை என்றால்? 24 வயதுக்குக் கீழே, திருமணமாகாத பிள்ளை பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவர் என்றுதான் கணக்கு. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெல் கிடைக்காது. பெற்றோர் விவரம் தர மறுக்கும் பிள்ளைக்கு மத்திய அரசிடம் மிஞ்சுவது, முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும் கல்விக்கடன் மட்டும்தான். எந்தக் கடனுக்குப் பயந்து அவர் படிவம் வேண்டாம் என்கிறாரோ அதே கடன். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், நான் எழுதியதையே படித்துக் காட்டினாலும் சரி. நீங்கள் இருவரும் 2024க்குச் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால், உங்கள் ஒருவர் சம்மதமே போதும். ஆனாலும் அவரும் உட்கார்ந்திருக்கும்போது போடுவதே நல்லது. கார் வருமானக் கணக்கும் பணிநீக்கக் கடிதமும் அவரிடம்தானே இருக்கின்றன.